வீட்டுக் கட்டுமானத்தில் உயிர்க்கரி: எங்கே, எவ்வளவு சேர்க்கலாம்?

கேள்வி (வீடு கட்டுபவர், சிவகங்கை மாவட்டம்)

வணக்கம். எங்கள் பகுதியில் சீமைக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. மூட்டம் பிரித்துச் சாக்கில் கட்டிய பிறகு தரையில் எஞ்சும் கரித்தூள் அதிகம் விலைபோவதில்லை. காற்றில்லாமல் சுட்டெடுத்த தாவரக் கரியான உயிர்க்கரியைக் கலந்தால் அதிலுள்ள கார்பன் கட்டடத்திலேயே தங்கிவிடும் என்றும், ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தார் காபிச் சக்கையைக் கரியாக்கிச் சேர்த்துக் காங்கிரீட்டின் வலிமையை ஏறத்தாழ 30 சதவீதம் கூட்டியதாக 2023-இல் அறிவித்தார்கள் என்றும் படித்தேன். தூண், தளம், பூச்சு ஆகியவற்றில் இந்தத் தூளைச் சிமென்டுக்குப் பதிலாக எத்தனை பங்கு சேர்க்கலாம்?

மறுமொழி 1 (கட்டுமானப் பொறியாளர்)

அந்த ஆய்வில் குறைக்கப்பட்டது சிமென்ட் அன்று, மணல். சக்கையை ஆக்சிஜன் இல்லாமல் 350 டிகிரி செல்சியஸில் கரியாக்கி, மணலில் 15 சதவீதத்துக்கு ஈடாகச் சேர்த்தார்கள். கரி, சிமென்டைப் போல இறுகும் பொருள் அன்று. தன் நுண்துளைகளில் நீரைப் பிடித்துவைத்து, காங்கிரீட் உலரும்போது மெல்ல விடுவதால் சிமென்ட் நீரோடு சேர்ந்து இறுகுவதற்கு உள்ளிருந்தே உதவுகிறது. சிமென்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை நல்ல கரியைச் சேர்த்த சோதனைகள் பலவற்றில் வலிமை குறையவில்லை, சிலவற்றில் சற்றே கூடியும் இருக்கிறது. சிமென்ட் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் குறைகிறது.

ஆனால் அவை ஆய்வகத்தில் அளந்து தயாரித்த கரிகள். மூட்டத்தடித் தூளில் மண்ணும் சாம்பலும் உப்பும் கலந்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு கூடினால் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையாகிய, 2000-ஆம் ஆண்டின் ஐஎஸ் 456 விதிநூல், உரிய ஒப்புதலோடு நெல் உமிச் சாம்பலைச் சேர்க்க இடம் தருகிறது என்றாலும், அது சிலிக்கா மிகுந்த சாம்பலுக்கான இசைவே தவிரக் கரிக்கானது அன்று. ஆகவே தூணிலும் தளத்திலும் இதைச் சேர்க்கவே வேண்டாம்.

மறுமொழி 2 (சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்பவர்)

பொறியாளர் ஐயா சொன்னது சரி. பாரம் தாங்காத பூச்சுதான் இதற்குப் பொருத்தமான இடம். உயிர்க்கரியை ஆராயும் சுவிட்சர்லாந்தின் இதாகா நிறுவனத்தார் களிமண், சுண்ணாம்பு ஆகியவற்றோடு கரியைக் கலந்து சுவர் பூசிக் காட்டியிருக்கிறார்கள். அத்தகைய பூச்சு எடை குறைந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி, வறட்சியில் திருப்பி விடுவது.

கரியை உலர்ந்தபடியே கலவையில் கொட்டக் கூடாது. கொட்டினால் பாதி நீரின்மேல் கறுப்பு ஆடையாக மிதக்கும், மீதி கலவை நீரை உறிஞ்சிவிடும். சாந்து இறுகுவதைக் கண்டு கொத்தனார் மேலும் ஒரு வாளி ஊற்றுவார், பூச்சு காய்ந்ததும் வெடிக்கும். தூளைச் சலித்து, இரவு முழுதும் ஊறவைத்து, குமிழி அடங்கிய பின் வடித்துச் சேருங்கள். முதலில் மணலில் கால் பங்குக்கு மட்டும் மாற்றி, மதில் சுவரில் ஒரு சதுர மீட்டர் பூசிப் பாருங்கள். நிறம் கருஞ்சாம்பலாக இருக்கும் என்பதால் வெள்ளை வேண்டுமானால் கூடுதலாக ஓரிரு கை சுண்ணாம்பு அடிக்க நேரும்.

மறுமொழி 3 (சுற்றுச்சூழல் ஆய்வு மாணவர்)

கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு கனமீட்டர் காங்கிரீட்டில் 350 கிலோ சிமென்ட் என்றால், அதன் தயாரிப்பில் வெளியான கார்பன் டை ஆக்சைடு சுமார் 300 கிலோ. அந்தச் சிமென்டில் 2 சதவீதத்துக்கு, அதாவது 7 கிலோவுக்கு, கரியை மாற்றினால் கரியில் தங்குவதும் சிமென்டில் மிச்சமாவதும் சேர்ந்து 25 கிலோவைத் தாண்டுவது கடினம். பூச்சில் கரியின் பங்கைப் பல மடங்கு உயர்த்தலாம் என்பதால், அங்கேதான் பயன் பெரிது.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். மண் மூடிய மூட்டத்தின் புகையோடு, புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனும் வெளியேறுகிறது. வீணாகும் தூளைப் பயன்படுத்துவது நல்லது; இதற்கென்றே புதிதாக மூட்டம் போட்டால் சுவரில் சேமித்த பயனில் பெரும்பகுதி புகையிலேயே போய்விடும். கரி தேவைப்படுமானால் வாயுவையும் எரித்துவிடும் மூடிய உலையில் எடுத்ததையே வாங்குங்கள். எந்தத் தூளாயினும் சாம்பல், குளோரைடு அளவுகளை ஆய்வகத்தில் பார்த்த பிறகு பூச்சைத் தொடங்குங்கள்.