பாமினியில் அடித்த வாசிப்புப் பத்திகளைப் போன் உளறுகிறது – யாராவது உதவுங்கள்

படுவான்கரை டீச்சர்:
வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் 4 எடுக்கிறேன். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று எங்களிடம் நல்ல பத்திகள் இருக்கின்றன. வாவி, வேளாண்மை, கண்ணகி அம்மன் சடங்கு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த விசயங்களை வைத்து, முன்பு இருந்த ஒரு சேர் எழுதியவை. எல்லாமே வேர்ட் பைல், பாமினி எழுத்துரு. கணினியில் திறந்தால் அழகான தமிழ். பெற்றோரின் போனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. பீடிஎப் ஆக்கி அனுப்பினால் பார்க்கத் தமிழ்தான், ஆனால் சத்தமாக வாசிக்கச் சொன்னால் 'ஜே கே பி' என்று என்னவோ உளறுகிறது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. இதே போன் செய்தித் தளங்களைத் தமிழில் ஒழுங்காக வாசிக்கிறது. எல்லாவற்றையும் திரும்ப அடிக்க எனக்கு நேரமில்லை. பாடசாலையில் இருப்பது ஒரு கணினி, இணையம் என்னுடைய போன் டேட்டா. என்ன செய்யலாம்?

கல்முனை ஐசிடி சேர்:
டீச்சர், போனில் பிழை இல்லை. பாமினி பைலுக்குள் தமிழே கிடையாது, ஆங்கில எழுத்துகள்தான் கிடக்கின்றன. 'தமிழ்' என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு அந்த ஜே இருக்கும் இடத்தில் 'த' படத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத போனில் வேடம் கலைந்துவிடும். பீடிஎப்பில் எழுத்துருவும் சேர்ந்து போவதால் கண்ணுக்குத் தமிழ், வாசிக்கும் குரலுக்கு இன்னும் ஜேயும் கேயும்தான்.

யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதியும் பொது முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருளை ஒருமுறை இறக்கிப் போட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். அவசரத்துக்கு, 'பாமினி யூனிகோட் மாற்றி' என்று தேடினால் ஒட்டி மாற்றும் பக்கங்களும் வரும். பீடிஎப்பிலிருந்து எடுக்காதீர்கள், வரிகள் உடைந்து வரும். மூல வேர்ட் பைலிலிருந்தே கொப்பி பண்ணுங்கள். இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றும் மென்பொருள் அதையும் தமிழாக நினைத்துக் குதறிவிடும், அந்தச் சொற்களை விட்டுவிட்டு மாற்றுங்கள். மாற்றியபின் எழுத்துருவை லதா அல்லது நிர்மலா என்று வைத்துவிடுங்கள்.

எந்தப் பைல் பாமினி என்று சந்தேகம் வந்தால், ஒரு வரியைத் தெரிவு செய்து ஏரியல் என்ற ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். ஆங்கிலமாக மாறினால் அது பாமினி வகைதான்.

அக்கரைப்பற்று மிஸ்:
எங்களிடம் பைலும் இல்லை, போட்டோகொப்பி மட்டும்தான் மிச்சம். நாங்கள் தாளைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் ரைட் கிளிக் பண்ணி கூகுள் டொக்ஸில் திறக்கிறோம். படத்துக்குக் கீழே எழுத்தாக வந்துவிடும். ஓரிரு பத்தி என்றால் போனில் கூகுள் லென்ஸே போதும். ஒரு கண் வைத்துத் திருத்த வேண்டும். துணைக்கால் 'ர' ஆகும், குற்று காணாமற்போகும், 'எ' 'ஏ' மாறும். நிழல் விழாமல் எடுத்தால் பாதித் தலையிடி குறையும்.

திருக்கோவில் ஐயா (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
எல்லாம் சரி மகள், ஆனால் போன் வாசிக்கப் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தால் அது கதை கேட்டலே தவிர வாசிப்பு இல்லை. பத்தி மனப்பாடமாகிவிடும், எழுத்துத் தெரியாது. அப்படி ஒப்புவித்த பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் முழிக்கும்.

கல்முனை ஐசிடி சேர்:
ஐயா சொல்வது நியாயம். அதனால்தான் குரல் மட்டும் போதாது, வாசிக்கும் சொல் திரையில் நிறம் மாற வேண்டும். எட்ஜ் உலாவியில் 'சத்தமாக வாசி' கொடுத்தால் சொல்லுக்குச் சொல் ஒளிர்ந்துகொண்டு போகும், வேகத்தையும் குறைக்கலாம். அதில் இலங்கைத் தமிழ் என்றே குமார், சரண்யா என்ற இரண்டு குரல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இணையம் வேண்டும். டேட்டா மிச்சம் பிடிக்க, ஆண்ட்ரொய்ட் போனில் கூகுளின் தமிழ்க் குரலை ஒருமுறை இறக்கி வையுங்கள், பிறகு டேட்டா இல்லாமலும் வாசிக்கும். அது இந்தியத் தமிழ்க் குரல், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்கும்.

ஒருமுறை குரலோடு விரல் வைத்துப் பின்தொடரட்டும். அடுத்தது குரலை நிறுத்திவிட்டுத் தானாக வாசித்து, குரல் பதிவாக உங்களுக்கு அனுப்பட்டும். ஐயா சொன்ன ஒப்புவிப்பைப் பிடிக்க, வரிகளை இடம் மாற்றி ஒட்டிய இன்னொரு பிரதியை வாசிக்கக் கொடுங்கள். யூனிகோட் ஆகிவிட்டால் அது ஒரு நிமிட வேலை.

படுவான்கரை டீச்சர்:
மாற்றிவிட்டேன், வாவிப் பத்தியைப் போன் அப்படியே வாசிக்கிறது! மிக்க நன்றி சேர். ஐயா, வரி மாற்றிய பிரதியைக் கொடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுபோலவே இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒரு சந்தேகம் மட்டும். மாற்றியதைப் பீடிஎப் ஆக்கினால் 'கொ', 'கோ' வரும் இடங்களில் குரல் தடுமாறுகிறது. வேர்டில் சரியாக இருக்கிறதே?

கல்முனை ஐசிடி சேர்:
பீடிஎப்பில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாகப் பதிவாகிவிடும், அதனால்தான். வாசிக்க வைக்கும் பிரதியைப் பீடிஎப் ஆக்காதீர்கள். பத்தியை அப்படியே வட்ஸ்அப் செய்தியாக ஒட்டி அனுப்புங்கள். பீடிஎப் அச்சடிக்க மட்டும். புதுக் கதைகள் தேவைப்பட்டால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கும். நிலை 1, 2 உங்கள் பிள்ளைகளுக்குத் தோதாக இருக்கும்.