அந்த அம்மா கையில் இருந்த பத்து அரிசி

பதினாறு வருஷமாக அறிவியல் செய்தி எழுதுகிறேன். அதில் பெரும்பகுதி, "சார், இது உண்மையா?" என்று கைப்பேசிக்கு வருகிறவற்றுக்குப் பதில் தேடுவதிலேயே போயிருக்கிறது. செவ்வாய் கிரகம் முழுநிலா அளவுக்குத் தெரியப்போகிறது என்ற செய்தி ஆகஸ்ட் வந்தால் கிளம்பிவிடும். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் சுமார் 5.58 கோடி கி.மீ. வரை நெருங்கியது நிஜம். அன்றைக்கும் வெறுங்கண்ணுக்கு அது ஒரு செம்புள்ளிதான். முதலில் வந்த மின்னஞ்சலில் 75 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் என்று ஒரு வரி இருந்தது. கைமாறிக் கைமாறி அந்த வரி உதிர்ந்துவிட்டது.

ஆனால் என் வேலையை மாற்றியது பிளாஸ்டிக் அரிசிதான். லால்குடி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று ஒரு வீடியோ. "வதந்தி, நம்பாதீர்கள்" என்று நாலு வரி எழுதி முடித்திருக்கலாம். அதற்கு முன் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஏனோ நேரில் போனேன்.

திண்ணையில் ஓர் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வா தம்பி, நீயே பாரு" என்று உள்ளங்கையை விரித்தார். பத்துப் பன்னிரண்டு அரிசி. மற்றதைவிட வெளுப்பு கொஞ்சம் வேறு, முனை மழுங்கல், தொட்டால் வழவழப்பு. "தண்ணில போட்டா இதுல பாதி மெதக்குது. அரிசி மெதக்குமா? நாப்பது வருஷமா சோறாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அது நெல்லிலிருந்து நேராக வந்த அரிசி இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, நாம் நாழியில் முறுக்கு பிழிகிற மாதிரி இயந்திரத்தில் பிழிந்து, அரிசி நீளத்துக்கு நறுக்கி உலர்த்தியது. செறிவூட்டப்பட்ட அரிசி என்று பெயர். நூறு கிலோ சாதா அரிசிக்கு இதில் ஒரு கிலோ வீதம் கலந்தார்கள். தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டத்தில்தான் முன்னோட்டமாகக் கொடுத்தார்கள். பிழிந்த அரிசியின் உள்ளே காற்று தங்கிவிடுவதால் சிலது மிதக்கும். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

வீட்டில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். பேரன் எடுத்து வந்தான். சாதா அரிசியையும் இதையும் தனித்தனியாக நசுக்கி, வெந்நீர் விட்டு, ஆறியதும் ஒவ்வொரு சொட்டு. இரண்டுமே கருநீலமாக மாறின. மாவுச்சத்து இருந்தால்தான் அந்த நிறம் வரும், பிளாஸ்டிக்கில் வராது. அந்த அம்மா ரொம்ப நேரம் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, "சத்து மாத்திரைய அரிசியாக்கிட்டான்னு சொல்லு" என்றார். ஆறு பத்தியில் நான் எழுதியதைவிட அது தெளிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலசீமியா (உடலில் இரும்பு தேங்கக்கூடிய பரம்பரை இரத்த நோய்) உள்ளவர்கள் இரும்புச்சத்து சேர்த்த இந்த அரிசியை மருத்துவரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டுமா என்பது உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி. பிளாஸ்டிக் என்ற கூச்சலில் அது அமுங்கிப்போனது எனக்கு இன்றும் வருத்தம்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

நாகர்கோவிலிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியை:

ஜூலை மாதம் எனக்கு வந்தது அஃபீலியன் வதந்தி; பூமி தன் பாதையில் சூரியனுக்கு மிகத் தொலைவில் இருக்கும் நிலைக்கு அந்தப் பெயர். பூமி சூரியனை விட்டுத் தூரமாகப் போகிறது, வழக்கமான 9 கோடி கி.மீ. இப்போது 15.2 கோடி ஆகும், குளிரும் காய்ச்சலும் வரும் என்று பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார்கள். வகுப்பில் அதையே கணக்காகக் கொடுத்தேன். சராசரித் தூரம் 14.96 கோடி, ஜூலையில் 15.21, ஜனவரியில் 14.71. வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அப்போது பின்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "கிட்ட இருக்கும்போதுதானே டீச்சர் மார்கழி வருது, அப்ப ஏன் பனி பெய்யுது?" என்றாள். பூமியின் அச்சுச் சாய்வு பாடத்தை அன்றைக்குத்தான் சரியாக நடத்தினேன் என்று நினைக்கிறேன். அந்த 9 கோடி எங்கிருந்து வந்தது என்பதையும் அவளே பிடித்தாள். 9.3 கோடி மைல் என்பது கி.மீ. ஆகியிருக்க வேண்டும்.

*

ஒரு கிராம சுகாதார செவிலியர்:

2021 ஏப்ரல். நடிகர் விவேக் 15ஆம் தேதி கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி காலமானார். மறுவாரம் எங்கள் முகாமுக்கு ஆளே வரவில்லை. வீடு வீடாகப் போனேன். எழுபது வயது தாத்தா ஒருவர், "ஊசியால இல்லைன்னு உனக்கு உறுதியாத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். டாக்டர்கள் சொன்னதைச் சொன்னேன், விசாரணை இன்னும் நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "போட்டுக்கிட்டா அரை மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருக்கேன் தாத்தா" என்றேன். வந்தார். உட்கார்ந்திருந்தேன். தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற, தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் முடிவு அக்டோபரில் வந்தது. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இரண்டாவது ஊசிச் சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.