புடலையா, பாகலா: தண்டையார்பேட்டை மாடித்தோட்டக் குழு

[ஞாயிறு, காலை 7.10] பாஸ்கர்: அனைவருக்கும் வணக்கம். எங்கள் மொட்டைமாடிப் பாகற்கொடியை இன்று தையல் டேப்பால் அளந்தேன். முளைவிட்ட 21 நாள்களில் 105 செ.மீ. வளர்ந்திருக்கிறது. சரோஜா அக்காவின் புடலை 84 செ.மீ.தான் என்பதால் பந்தயத்தில் வென்றவன் நானே.

[7.18] சரோஜா: தம்பி, என் கொடியைத் தொட்டியில் வைத்து 14 நாள்கள்தான் ஆகின்றன. மூன்று வாரக் கொடியையும் இரண்டு வாரக் கொடியையும் அருகருகே நிறுத்தி உயரம் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

[7.31] மேரி டீச்சர்: அக்கா கேட்பது சரி. காசிமேட்டில் இரண்டு கூறு மீனைப் பார்த்தால், எது மலிவு என்பதை எடையும் தெரிந்த பிறகுதானே சொல்கிறோம்? இங்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுக்க வேண்டும். புடலை 84 ÷ 14 = 6 செ.மீ.; பாகல் 105 ÷ 21 = 5 செ.மீ. அக்காவுக்கே வெற்றி.

[7.40] பாஸ்கர்: டீச்சர், அக்கா அதை மாதவரத்திலிருந்து நாற்றாக வாங்கி வந்தார். வைத்த அன்றே அது 21 செ.மீ. இருந்ததற்கு இந்தக் குழுவிலேயே படம் இருக்கிறது. நர்சரியில் வளர்ந்த உயரம் இந்த 14 நாள்களின் கணக்கில் எப்படிச் சேரும்?

[7.52] மேரி டீச்சர்: சேராது, அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். 84இல் 21ஐக் கழித்தால் வளர்ச்சி 63 செ.மீ.; நாளுக்கு 4.5 செ.மீ.தான்.

[7.55] சரோஜா: நாற்று வேர் பிடிக்கவே சில நாள்கள் போய்விட்டன. போகட்டும், தம்பியின் கொடி போன ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு இருந்தது?

[7.58] பாஸ்கர்: 63 செ.மீ., அக்கா.

[8.06] மேரி டீச்சர்: அப்படியானால் முதல் 14 நாள்களில் இருவருக்கும் அதே 4.5 செ.மீ.தான்! மூன்றாம் வாரத்தில் பாகல் நாளுக்கு 6 செ.மீ. வீதம் 42 செ.மீ. ஓடியதால்தான் அதன் சராசரி 5 ஆக உயர்ந்திருக்கிறது. கொடி எல்லா நாளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதால், சராசரியைச் சொல்லும்போது எத்தனை நாள் சராசரி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

[8.09] நவீன்: சில மூங்கில் வகைகள் ஒரே நாளில் 91 செ.மீ. வரை வளர்ந்ததாகக் கின்னஸ் பதிவே இருக்கிறது. மாமாவின் 105 செ.மீ.ரை அது ஒன்றேகால் நாளுக்குள் தாண்டிவிடும்.

[8.11] சரோஜா: மூங்கிலில் கூட்டு வைக்க முடியாது, நவீன். டீச்சர், வரும் ஞாயிறு என் கொடிக்கும் 21 நாள் நிறைகிறது. தம்பியை எட்டிப்பிடிக்க அது எவ்வளவு இருக்க வேண்டும்?

[8.13] மேரி டீச்சர்: நாற்றின் 21 செ.மீ.ரையும் சேர்த்து 126 செ.மீ.

[8.14] சரோஜா: சரி தம்பி, டேப்போடு மாடிக்கு வந்துவிடுங்கள்.