சனி ஞாயிறுக்கு ஒரு சின்ன ஊர்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மாயவரத்து மருமகன்:

போன மே மாதம் குடும்பத்தோடு ஒரு மலை ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம், எல்லாரும் போகிற ஊர்தான். கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்ட மூன்றரை மணி நேரம் ஆனது, ஏரிக்கரையில் சோளக்கருது வாங்கக்கூட வரிசை, அறைக்கு வந்தால் வென்னீர் இல்லை. திங்கட்கிழமை ஆபீசில் போய் உட்கார்ந்தபோதுதான் அப்பாடா என்று இருந்தது. அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று எந்த ஊருக்குப் பட்டியல் போடுகிறார்களோ அந்த ஊருக்கு இரண்டு நாள் லீவில் போகவே கூடாது. அரை நாளில் பார்த்து முடிக்கிற ஊராக இருக்கவேண்டும், மீதி ஒன்றரை நாள் சும்மா கிடக்கவேண்டும்.

அப்படி நான் கண்டுபிடித்தது தரங்கம்பாடி. கண்டுபிடித்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மாமனார் வீடு மாயவரம், இருபது வருஷமாக அந்த வழியாகக் காரைக்காலுக்குப் போய் வருகிறேன், ஒரு தடவைகூட அங்கே இறங்கியதில்லை. இந்த முறை மனைவியும் நானும் மட்டும், மயிலாடுதுறையில் பஸ் ஏறி, செம்பனார்கோயில், திருக்கடையூர் எல்லாம் தாண்டிப் போய் இறங்கினோம். மெயின் ரோட்டிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் வெள்ளை வெளேர் என்று ஒரு நகர வாசல், 1792ல் கட்டியது. அதற்குள் நுழைந்ததும் சத்தம் குறைந்துவிடுகிறது. நேர்த்தெரு ஒன்று, இரண்டு பக்கமும் தேவாலயங்கள், பழைய வீடுகள், தெரு முடிகிற இடத்தில் கடல். 1620ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் வந்து கோட்டை கட்டினார்கள், 1845ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் இங்கே வந்து இறங்கியது 1706ல். அந்த மனிதருக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்து, 1718ல் புது எருசலேம் ஆலயத்தையும் கட்டி, அடுத்த வருஷமே இறந்துபோனார். கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. முப்பத்தாறு வயது. என் வயதைவிடப் பத்து குறைவு. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

நாங்கள் போனது வெள்ளிக்கிழமை, கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்றைக்கு விடுமுறை. சரி என்று மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போனோம். 1306ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை தடுக்கக் கொட்டிய கருங்கல் மேல் உட்கார்ந்து ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்ன பாக்க வந்தீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க அய்யா, சும்மாதான்."

"சும்மாவா? சும்மா இருக்கறதுக்கா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?"

சிரித்துவிட்டு, "அப்ப உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் இருக்கும். சின்ன வயதில் கோயிலுக்கு முன்னால் தான் விளையாடிய இடம் என்று தண்ணீருக்குள் ஓர் இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். சுனாமி பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நடுவில் ஒரு தடவை, "உப்புக் காத்து, தலை காயாம உக்காராதம்மா" என்று என் மனைவியிடம் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. போன வருஷ விடுமுறைகள் எல்லாவற்றிலும் எனக்கு நினைவிருப்பது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான்.

குறை: ராத்திரி எட்டரைக்கு மேல் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். பக்கத்தில் பொறையாருக்கு ஆட்டோவில் போய் பரோட்டா சாப்பிட்டோம். உங்கள் ஊர்களைச் சொல்லுங்கள்.


ரெண்டுபிள்ளைத்தாய்:

சும்மா இருப்பதெல்லாம் பிள்ளை இல்லாமல் போகிறவர்களுக்குச் சரி. எனக்கு ஒன்பது வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்று. கடலைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டில் ஒன்று கடலுக்குள் இருக்கும்.

நாங்கள் போனது கானாடுகாத்தான், செட்டிநாட்டுப் பெரிய பழைய வீடுகள் நிற்கிற ஊர். எழும்பூரில் பல்லவன் ஏறி ராத்திரி காரைக்குடியில் இறங்கி, காலையில் ஆட்டோ. டிசம்பரில் போனோம், தயவுசெய்து ஏப்ரல் மே பக்கம் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள், அந்த வெயிலில் தெருவில் நிற்க முடியாது. பழைய வீட்டையே ஹோட்டலாக்கிய இடங்களில் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, காரைக்குடியில் சாதாரண லாட்ஜில்தான் தங்கினோம். அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

முதல் நாள் ஆத்தங்குடி. தரைக்கல் செய்கிற கொட்டகைக்குள் விட்டார்கள். நான் ஏதோ பெரிய மெஷின் இருக்கும் என்று நினைத்தேன். மெஷினும் இல்லை, சூளையும் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் பூ வடிவத்தில் தகடு, அந்தத் தகட்டு இடுக்குகளில் கரண்டியால் சாயச் சிமெண்டை ஊற்றுகிறார்கள், தகட்டைத் தூக்கினால் பூ நிற்கிறது. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் கலவை போட்டு மட்டம் செய்து எடுத்து வைக்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவேண்டும். அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடியிலிருந்து வருவதாம், மெருகு எதுவும் போடுவதில்லையாம். வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் என் பெரியவனிடம் கரண்டியைக் கொடுத்து, "ஊத்து தம்பி, சிந்துனா பரவால்ல" என்றார். சிந்தினான். பச்சையும் மஞ்சளும் கலந்து ஒரு கல். அதை எங்களிடமே கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டான், காயவே நாள் ஆகும் என்றதும் அழுகை.

மறுநாள் கானாடுகாத்தான் தெருக்களில் நடந்தோம். ஒரு வீட்டின் முகப்பு இந்தத் தெருவில் இருந்தால் பின்கட்டு அடுத்த தெருவில் இருக்கிறது. பர்மாத் தேக்குத் தூண்கள். பெரும்பாலும் பூட்டு. ஒரு வீட்டில் மட்டும் கதவு திறந்திருந்தது, வாசலில் ஓர் ஆச்சி சுளகில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கலாமா என்று கேட்டேன். "வாங்க, செருப்ப அங்குட்டு விடுங்க" என்று உள்ளே கூப்பிட்டார். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொன்றும் ஒரு பங்காளிக்கு. "எல்லாரும் மெட்ராஸ், மலேசியான்னு இருக்காக. கல்யாணம், படைப்புன்னா வருவாக." இருப்பது அவரும் வேலைக்கு வரும் ஒரு பெண்ணும். என் சின்னவள் ஒளிந்து விளையாடலாமா என்று கேட்டாள். "ஒளியாத ஆத்தா, நான் உன்னயத் தேடி முடிக்கங்குள்ள பொங்கல் வந்துரும்" என்றார். கிளம்பும்போது ஒரு டப்பாவில் சீடை போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. டப்பாவைத் திருப்பி அனுப்ப விலாசம் கேட்டதற்கு, "அத வச்சுக்கிட்டு இன்னொரு வாட்டி வாங்க" என்றார். இன்னும் எங்கள் சமையலறையில்தான் இருக்கிறது, சீரகம் போட்டு வைத்திருக்கிறேன்.


வளைவில்லாரோடு:

நீலகிரிப் பக்கம் யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்த வண்டி, வாடகை வண்டி என்றால் இ-பாஸ் எடுக்கவேண்டும், 2024 மே 7ஆம் தேதி முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி வந்தது, கொடைக்கானலுக்கும் அப்படித்தான். கோத்தகிரிக்கும் சேர்த்துத்தான், சிலர் அது ஊட்டிக்கு மட்டும் என்று நினைத்து வந்து சோதனைச்சாவடியில் நின்று போனில் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் போய்விடுவேன், ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே பாதி விடுமுறை. கோத்தகிரியில் ஊட்டிக் கூட்டம் கிடையாது. பக்கத்தில் கன்னேரிமுக்கில், அந்தக் காலத்தில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கட்டிய பங்களா இருக்கிறது, 1819ல் கட்டியது, ஊட்டி பிறப்பதற்கு முன்னால். வேறு சொல்ல ஒன்றும் இல்லை. தூங்கினேன்.


நெல்லைச்சீமை:

ஜூலையில் சாரல் என்று ஆசைப்பட்டு ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனவன் நான். மெயின் அருவியில் தண்ணீர் என் தலையில் விழுந்ததா, பக்கத்து ஆள் தலையில் பட்டுத் தெறித்ததா என்று இன்றுவரை தெரியாது. அவர் தேய்த்திருந்த எண்ணெய் மட்டும் என் மேல் வந்தது. ரூம் எதுவும் கிடைக்கவில்லை. தென்காசியில் திருநெல்வேலி வண்டியைப் பிடித்து, அலுப்பில் அம்பாசமுத்திரத்தில் இறங்கிவிட்டேன். அன்றைக்கு இறங்கியதுதான், அப்புறம் வருஷம் ஒரு தடவை போகிறேன்.

அம்பையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தாமிரபரணி இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி, அப்பளத்துக்குப் பேர்போன ஊர். இரண்டு ஊருக்கும் நடுவில் வயல், ஆறு, தூரத்தில் பொதிகை மலை. காலையில் இங்கே டீ குடித்துவிட்டு நடந்தே அங்கே போய் இட்லி சாப்பிடலாம். பாபநாசமும் மணிமுத்தாறும் பக்கம்தான், ஆனால் அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை வேன் வேனாக வருவார்கள், போகிறவர்கள் வார நாளில் போங்கள்.

நான் சொல்ல வந்தது திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடம். நாறும்பூநாதர் கோயில். கோபுரத்துக்குள் மாடி மாடியாக ஏறினால் ஐந்து நிலையிலும் சுவர் முழுக்க ஓவியம், மரத்தூண்களில் சிற்பம். ஒரு சுவரில் கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகின்றன. கோபுர உள்பக்கம் எப்போதும் பூட்டித்தான் இருக்கும், கோயிலில் அனுமதி கேட்கவேண்டும். முதல் தடவை போனபோது விடவில்லை. இரண்டாம் தடவையும் விடவில்லை. மூன்றாம் தடவை ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "நீரு போன வருசமும் வந்தீருல்லா? வாரும்" என்று டார்ச்சோடு கூட்டிப்போனார். உள்ளே வௌவால் நாற்றம் மூக்கைப் பிடுங்கும், படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நிலையில் டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், மற்றதெல்லாம் இருட்டு. படம் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

அப்புறம் படித்துறைக்குக் குளிக்கப் போனேன். எனக்கு நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் நடு ஆற்றுப் பக்கம் நகர்ந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா துணியைக் கல்லில் போட்டுவிட்டுச் சத்தம் போட்டார். "எய்யா, அங்கிட்டுப் போவாதிய! அங்க கசம் கிடக்கு!" கசம் என்றால் எங்கள் பக்கம் ஆற்றுக்குள் ஆழமான குழி, மேலே பார்த்தால் தெரியாது, சுழித்து இழுத்துவிடும். எனக்கு அந்தச் சொல் தெரியும், அந்த இடம் தெரியாது. வெளியூர் ஆற்றில் இறங்குமுன் அங்கே துவைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேலே அணை இருக்கிறது, திறந்துவிட்டால் தண்ணீர் சட்டென்று ஏறும்.


ஒற்றைப்பை:

எல்லாரும் ஊரைப் பற்றியே சொல்கிறீர்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு முதல் கேள்வி ஊர் இல்லை, அறை.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர், மாலை ஆறரை மணி. லாட்ஜ் மேனேஜர் என் ஆதார் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கூட யாரும் வரலையாம்மா?" வரவில்லை என்றேன். "சிங்கிள் லேடீசுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா." முன்பணம்கூட ஆன்லைனில் கட்டியிருந்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது, ஒரு கம்பெனியில் நாற்பது பேருக்குச் சம்பளம் போடுகிறேன். கோபத்தில் அழுகை வந்துவிடும் போல இருந்தது. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காதான், "ஏந்தாயி, அந்த ஆளு அப்படித்தான், பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிட்டு ஒரு அம்மா நடத்துது, அங்க போ" என்று வழி சொல்லி, முழம் பூவையும் கையில் கொடுத்தார். அந்த இன்னொரு இடத்தில் அறை சின்னது, மின்விசிறி கடகட என்று சத்தம் போட்டது. நிம்மதியாகத் தூங்கினேன். அதிலிருந்து முன்பதிவு செய்தாலும் போன் போட்டு, தனியாக வருகிறேன், பெண், என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். தயங்கினார்கள் என்றால் வேறு இடம்.

மறுநாள் திருமயம் போனேன். 1687ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. அடிவாரத்தில் பாறையைக் குடைந்து சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். காலையிலேயே உச்சிக்கு ஏறிவிட்டேன். மேலே ஒரு பீரங்கி, காற்று, நான், கீழே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். காவல்காரர் ஒருவர் மேலே வந்து, "தனியாவாம்மா வந்தீங்க?" என்று ஆரம்பித்தார். ஐயோ மறுபடியுமா என்று நினைத்தேன். அவர், "நல்லது. கூட்டமா வர்றவங்க பேரு கிறுக்கிட்டுப் போறாங்க" என்றார்.


மாயவரத்து மருமகன்:

ஒற்றைப்பை, என் மனைவி படித்துவிட்டு, அந்த லாட்ஜ் எங்கே என்று கேட்கிறாள், குரல் சரியில்லை, நான் சொல்லவில்லை. நெல்லைச்சீமை, பொங்கல் கழித்து அம்பை வரலாம் என்று இருக்கிறோம். ஆற்றில் தண்ணீர் இருக்குமா? அந்தக் கசம் படித்துறையிலிருந்து எந்தப் பக்கம்?


நெல்லைச்சீமை:

தை மாதம் தண்ணீர் இருக்கும் அண்ணாச்சி, வாங்க. கசம் எந்தப் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன், வெள்ளம் போனால் அது இடம் மாறும். துவைக்கிற அம்மாவிடம் கேளுங்க.