அப்பா அம்மாவை 24 நாள் தொடர்ந்து கப்பலில் அனுப்பலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை மகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கை சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வருகிற ஜனவரியில் அப்பாவையும் அம்மாவையும் அங்கே வரவழைத்து, ஒரே சுற்றுலாக் கப்பலில் அடுத்தடுத்து நான்கு பயணங்கள் போட்டுக் கொடுக்கலாம் என்கிறாள். முதலில் 5 இரவு பினாங்கு, புக்கெட் பக்கம். சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து அதே கப்பலில் 7 இரவு வியட்நாம். மறுபடி அதே 5, மறுபடி அதே 7. ஆக 24 இரவு. முதல் 5 இரவு மட்டும் தங்கை கூட இருப்பாள், அதற்கு மேல் அவளுக்கு லீவு கிடையாது. மீதி 19 இரவும் இவர்கள் இரண்டு பேரும் தனியாக.

அப்பாவுக்கு 67 வயது. லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ராமேஸ்வரம் வண்டி ஓட்டிய காலத்தில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்து போகும்போது இரண்டு பக்கமும் பார்த்தாரே, அதுதான் அவருக்குத் தெரிந்த கடல். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவர் வீட்டில் தூங்கிய இரவுகளைவிட ரன்னிங் ரூமில் (ரயில் ஓட்டுகிறவர்கள் வெளியூரில் தங்கி ஓய்வெடுக்கும் அறை) தூங்கிய இரவுகள்தான் அதிகம். அம்மாவுக்கு 62. சர்க்கரை இருக்கிறது, காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாரம் வெளியூரில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. அதனால்தான் தங்கை இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறாள், எனக்கும் உள்ளூர ஆசைதான். ஆனால் அம்மாவுக்கு மதுரை பஸ்ஸிலேயே குமட்டும். மூன்று நாள் கப்பலில் போய் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மூன்று நான்கு வாரம் இருந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சாப்பாடு, மருந்து, விசா, அப்புறம் இத்தனை நாள் நான்கு சுவருக்குள் மனசு எப்படி இருக்கும், எல்லாமே தெரிய வேண்டும்.

திருமங்கலத்துக் கப்பல்காரன்:

தங்கச்சி, நான் 11 வருடமாகப் பயணிகள் கப்பலில் அறைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இப்போது கான்ட்ராக்ட் முடிந்து ஊரில் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். உங்களுக்கு இது 24 நாள் பயணம், கப்பலுக்கு இது நான்கு தனித்தனிப் பயணம். டிக்கெட் தனி, பில் தனி, அறை எண்ணும் தனி. நான்கையும் பதிவு செய்யும்போதே ஒரே அறை வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கட்டி வேறு அறைக்கு மாற வேண்டியிருக்கும், வயதானவர்களுக்கு அதைவிடத் தொல்லை இல்லை. பயணம் மாறுகிற நாளை நாங்கள் டர்ன் அரவுண்ட் டே என்போம். காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்குவார்கள், மதியத்துக்குள் அத்தனை அறையும் சுத்தமாகி, அடுத்த கூட்டம் ஏறும். தொடர்ந்து போகிறவர்களையும் பெரும்பாலும் இறங்கி இமிக்ரேஷன் முடித்து மறுபடி ஏறச் சொல்வார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு கார்டும் நேரமும் கொடுப்பார்கள், ஓரிடத்தில் கூடச் சொல்லி மொத்தமாக அழைத்துப் போவார்கள். கப்பலுக்குக் கப்பல் நடைமுறை மாறும், அதனால் முந்தின நாளே ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளட்டும். ஒரே அறை என்றால் சாமானெல்லாம் உள்ளேயே இருக்கலாம், பாஸ்போர்ட்டும் மருந்துப் பையும் கையில் இருந்தால் போதும்.

இதிலேதான் விசா விஷயம் வருகிறது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் சிங்கப்பூருக்குள் புதிதாக நுழைவதாகத்தான் கணக்கு. ஆகவே பல முறை நுழைகிற விசாவாக இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை ஒவ்வொரு நுழைவுக்கும் முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதைத் தங்கை இருந்த இடத்திலிருந்தே செய்துவிடலாம். வியட்நாமுக்கு இ-விசா இருக்கிறது, ஆனால் நீங்கள் இரண்டு முறை போகிறீர்கள், அதையும் கவனியுங்கள். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடுகிற அன்றைக்கு ஒரு தரம், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு தரம் சரிபார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

அடுத்தது ஜனவரி. இதைத் தயவுசெய்து மாற்றப் பாருங்கள். மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் மலேசியா என்று இரண்டுக்கும் நடுவே அடங்கிக் கிடக்கிற தண்ணீர். பினாங்கு, புக்கெட் போகும்போது கப்பல் நகர்வதே பல பேருக்குத் தெரியாது. வியட்நாம் பக்கம் அப்படி இல்லை, தென்சீனக் கடல். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, அதில் டிசம்பர், ஜனவரியில் அலை நன்றாக இருக்கும். கப்பலின் அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் உண்டு, அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் நிறுத்த முடியாது. பஸ்ஸில் குமட்டுகிற அம்மாவுக்கு மார்ச் கடைசி நல்லது. எந்த மாதமானாலும் கீழ்த் தளத்தில், நீளவாக்கில் கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள். உச்சித் தளத்தில் பால்கனி அறை பார்க்க அழகாக இருக்கும், ஆட்டமும் அங்கேதான் அதிகம்.

டிப்ஸைக் கணக்கில் சேர்த்தீர்களா? பல கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை பில்லில் தானாகவே ஏறும். 18 என்று வைத்தால் இரண்டு பேருக்கு 24 நாளைக்கு 864 டாலர். டிக்கெட் விலையை மட்டும் பார்த்துவிட்டு வந்து கடைசி நாளில் திகைத்து நிற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கே.கே. நகர் ஓய்வாசிரியை:

நானும் என் வீட்டுக்காரரும் போன வருடம் இரண்டு பயணம் சேர்த்து 26 நாள் கப்பலில் இருந்தோம். மனசு எப்படி இருக்கும் என்று கேட்டாயே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன் அம்மா.

முதல் நாலைந்து நாள் திருவிழாக் கூட்டத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். எதைப் பார்த்தாலும் வியப்பு, எங்கே திரும்பினாலும் சாப்பாடு. இரண்டாவது வாரம்தான் எனக்கு மிகப் பிடித்த வாரம். அறைப் பையன் பெயர் தெரிந்துவிடும், எந்த லிஃப்ட் எங்கே போகும் என்று தெரிந்துவிடும், காலையில் ஐந்தரைக்கு மேல்தளத்தில் நடக்கப் போனால் தினமும் அதே நாலு பேர் சிரிப்பார்கள். நாற்பது வருடமாக அடுப்படியில் விடிந்த எனக்கு, காலை ஆறு மணிக்குக் கையில் ஒரு வேலையும் இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவது முதலில் குற்றம் செய்வது போலத்தான் இருந்தது. அப்புறம் பழகியது. என் வீட்டுக்காரர் தன் சின்ன வயதுக் கதைகள் சிலவற்றை அங்கேதான் முதன்முதலாக என்னிடம் சொன்னார்.

மூன்றாவது வாரம் கனமாக இருந்தது, மறைக்க மாட்டேன். பாட்டும் நாடகமும் ஒவ்வொரு பயணத்துக்கும் அதேதான் திரும்ப வரும், சாப்பாட்டுப் பட்டியலும் ஒரு சுற்று முடிந்து முதலிலிருந்து தொடங்கும். கூடப் பழகியவர்கள் எல்லாம் டர்ன் அரவுண்ட் நாளில் இறங்கிப் போய்விட, புதுக் கூட்டம் ஏறும்போது நம் வீட்டுக்குள் யாரோ நுழைவது போல ஒரு தவிப்பு வந்தது. அன்று நான் அழுதேன். உன் அம்மாவுக்கும் வரலாம், தப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லி வை. இரண்டாவது முறை அதே ஊருக்குப் போகும்போது பேருந்துச் சுற்றுலா எடுக்க வேண்டாம். பினாங்கில் கப்பல் நிற்கிற இடத்திலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான், மாரியம்மன் கோவில் இருக்கிறது, இட்லியும் வடையும் கிடைக்கும். அந்த ஒரு வேளைச் சாப்பாடு மூன்று நாளைக்குத் தெம்பு.

கப்பலில் சைவத்துக்குக் குறைவில்லை. ஆனால் முட்டை கிடையாது என்பதை டிக்கெட் போடும்போதும் எழுத வேண்டும், முதல் நாள் இரவு உணவுக் கூடத்துத் தலைமைப் பணியாளரிடமும் நேரில் சொல்ல வேண்டும். சொன்னால் மறுநாளைக்கு வேண்டியதை முந்தின இரவே கேட்டுச் செய்து தருவார்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டு போனோம், தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கே போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போன் விஷயத்தில் நாங்கள் பட்டதையும் கேள். நடுக்கடலில் போனில் சிக்னல் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் பேரனோடு பேசினார். அது கப்பலின் செயற்கைக்கோள் சிக்னல், நம் ரோமிங் பேக் அதற்குப் பொருந்தாது. ஒரே இரவில் 11,000 ரூபாய் பில். கம்பெனிக்காரர்களோடு இரண்டு மாதம் போராடியும் ஒரு பைசா குறையவில்லை. கப்பல் ஏறியதும் ஏரோப்ளேன் மோடு போட்டுவிட்டு, கப்பலின் வைஃபையை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்.

மருந்துக்கடை கோரிப்பாளையம்:

மருத்துவர் சொல்வதுதான் கடைசி, நான் கடைக்காரனாக அனுபவத்தில் சொல்கிறேன். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், விமானத்திலும் சரி, கப்பலிலும் சரி. விமானத்தின் அடியில் போகிற பெட்டியில் உறைந்து கெட்டுப்போகலாம். கப்பலில் பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும், அதற்குள் ஒரு வேளை ஊசி தவறிவிடும். அறையில் இருக்கிற சின்னக் குளிர்பெட்டி பல கப்பல்களில் பானம் குளிர வைப்பதற்குத்தான், நம் வீட்டு ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது. பிரிக்காத இன்சுலினைக் கப்பலின் மருத்துவப் பிரிவில் வைத்துத் தருவார்களா என்று முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். பிரித்ததைப் பெரும்பாலான வகைகளில் அறை வெப்பத்திலேயே 28 நாள் வரை பயன்படுத்தலாம், உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று அட்டையில் பாருங்கள். 24 நாளைக்கு 24 நாள் மருந்து கொண்டு போகாதீர்கள், இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வேண்டும். மருத்துவர் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும்.

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்தும் வியட்நாமும் அதைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பலின் கடிகாரம் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டு, ஊசியும் சாப்பாடும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டால் போதும். குமட்டலுக்கு அவோமின் மாதிரி மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும், 62 வயதில், ஆடுகிற தரையில், தூக்கக் கலக்கத்தோடு குளியலறைக்குப் போனால் விழுந்துவிடுவார்கள். மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். காப்பீடு கட்டாயம். கப்பல் பயணத்துக்குப் பொருந்துமா, ஏற்கனவே உள்ள சர்க்கரைக்குப் பொருந்துமா, கடலிலிருந்து கரைக்கு அவசரமாகக் கொண்டுவரும் செலவு அதில் உண்டா, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

மேலமாசி வீதி:

எல்லோரும் அனுப்பச் சொல்கிறீர்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. 2020 பிப்ரவரியில் கொரோனா பரவியதால் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்தி வைத்தார்களே, ஏறக்குறைய 3,700 பேர் உள்ளே. இந்தியர் 138 பேர், அதில் 132 பேர் வேலைக்காரப் பிள்ளைகள். நம் மதுரைப் பையன் ஒருவர் அங்கிருந்து காப்பாற்றுங்கள் என்று வீடியோவில் பேசியதை நாம் எல்லோரும் பார்த்தோம். இவ்வளவு நாள் வேண்டாம். சென்னையிலிருந்து 2023-இல் இலங்கைக்குக் கப்பல் விட்டார்கள் அல்லவா, அது மாதிரி நாலு நாளில் முதலில் பழக்கிப் பார்க்கலாமே.

திருமங்கலத்துக் கப்பல்காரன்:

அண்ணா, அந்தப் பயம் நியாயமானது. அந்தச் சமயம் நான் வேறொரு கப்பலில் இருந்தேன், பயணிகள் எல்லாம் இறங்கிய பிறகும் நாங்கள் இரண்டு மாதம் கரை ஏற முடியாமல் கிடந்தோம். வீட்டில் அம்மா தினமும் போனில் அழுவார். ஆனால் கப்பலில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது நோரோ வைரஸ், வாந்தி பேதி. கைக்குப் போடுகிற சானிட்டைசருக்கு அது சரியாகச் சாகாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால்தான் போகும். சாப்பிடும் முன் சோப்பு, இதை அப்பா அம்மாவுக்கு உறுதியாகச் சொல்லுங்கள். முதல் 5 இரவை அண்ணன் சொல்கிற சோதனையாக வைத்துக்கொள்ளலாம், தங்கை கூட இருக்கிறாள், அலையும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் சிங்கப்பூரில் இறங்கிவிடலாம். மீதிப் பயணங்களை ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை மட்டும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை மகள்:

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பக்கத்தை நேற்று இரவு அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சர் அம்மா அழுததைப் படித்தபோது அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார், காலையில் வந்து “போகலாம்” என்றார். நான்காவது பயணம் வேண்டாம் என்பது அவர் முடிவு. 5, 7, 5 என்று 17 இரவு. பங்குனியில் கிளம்பி, சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் மதுரை வந்துவிட வேண்டும், திருக்கல்யாணத்தை விட முடியாது. அப்பா கப்பலின் இன்ஜின் அறையைப் பார்க்க விடுவார்களா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம், வெள்ளிக்கிழமை அறையில் விளக்கு ஏற்றலாமா, ஊதுபத்தி கொளுத்தலாமா?

திருமங்கலத்துக் கப்பல்காரன்:

தங்கச்சி, நெருப்பு கூடவே கூடாது. விளக்கு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரம், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுட வைக்கிற கெட்டில் எதுவும் அறையில் அனுமதி இல்லை, ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். கடலில் தீ பிடித்தால் ஓட இடமில்லை, அதனால் இதில் தளர்வே கிடையாது. பேட்டரியில் எரிகிற சின்ன அகல் விளக்கு புதுமண்டபம் பக்கம் கிடைக்கும், இரண்டு வாங்கிக் கொடுங்கள். என் அறைகளில் தங்கிய ஓர் அம்மா மீனாட்சி படத்துக்கு முன்னால் அதைத்தான் வைத்திருந்தார், நான் தினமும் தூசி தட்டி அதே இடத்தில் வைத்துவிட்டு வருவேன். இன்ஜின் அறைக்குள் பயணிகளைப் பெரும்பாலும் விடுவதில்லை. சில கப்பல்களில் பணம் கட்டினால் கட்டுப்பாட்டு அறை வரை கூட்டிப்போகிற சுற்று ஒன்று உண்டு, இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்பாவை ஏறிய முதல் நாளே ரிசப்ஷனில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.