என்சைம் ஊற்றியும் சேனலில் செத்த வேர் கரையவில்லை, டேங்கில் வழவழப்பு: டோஸ் கூட்டலாமா?

மண்டபம்_மாடி:
வணக்கம். மொட்டை மாடியில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழ் என்எஃப்டி அமைப்பு (மண்ணில்லாமல், பைப்புக்குள் மெல்லிசாக ஓடும் உரத் தண்ணியில் வேர் நனையும் முறை). 4 அங்குல பிவிசி பைப், 300 லிட்டர் டேங்க். புதினா, திருநீற்றுப்பச்சை, பாலக். போர் தண்ணி உப்பு என்பதால் ஆர்ஓ தண்ணிதான், ஈசி (கரைந்த உப்பின் அளவு) 0.2. உரக் கரைசல் ஈசி 1.6, பிஎச் 6.2. மதியம் டேங்க் 33 டிகிரிக்குப் போகிறது.

புதினாவும் திருநீற்றுப்பச்சையும் வெட்ட வெட்டத் தழைக்கின்றன. ஆனால் பழைய வேர் செத்து, பைப்புக்குள் பாய் விரித்த மாதிரி படிந்து, வடியும் முனையை அடைக்கிறது. அதைக் கரைக்கும் என்று என்சைம் திரவம் லிட்டருக்கு 2 மில்லி, வாரம் ஒருமுறை ஊற்றுகிறேன். வேரழுகல் வராமலிருக்க 3 நாளுக்கு ஒருமுறை ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு. வேர் அப்படியே கிடக்கிறது, டேங்க் சுவரில் வழவழப்பும் நுரையும்தான் மிச்சம். என்சைமை இரண்டு மடங்கு ஆக்கலாமா?

உச்சிப்புளி_கீரை:
கூட்டாதீங்க தம்பி. முதலில் பெராக்சைடை நிறுத்துங்க. என்சைம் என்பது புரதம். பெராக்சைடு, பிளீச்சிங், குளோரின் கலந்த குழாய்த் தண்ணி, எது பட்டாலும் செயலிழந்துவிடும். மருந்துக்கடை 6 சதவீத பாட்டிலில் லிட்டருக்கு அரை மில்லி விட்டாலே 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) வந்துவிடும். ஒரு கையால் ஊற்றுவதை மறு கையால் கொன்றுகொண்டிருக்கீங்க. போதாததற்கு செடிக்கு இரும்பு தரும் சீலேட் உரத்தையும் பெராக்சைடு சிதைக்கும், இளம் இலை வெளுக்கும். டேங்கைக் கிருமி இல்லாமல் வைப்பது ஒரு வழி, என்சைமும் நல்ல பாக்டீரியாவும் விட்டு ஓட்டுவது இன்னொரு வழி. இரண்டில் ஒன்றுதான்.

அடுத்து, என்சைம் என்ன செய்யும் என்று பாருங்க. பாட்டிலில் பெரும்பாலும் செல்லுலேஸ், ஹெமிசெல்லுலேஸ், பெக்டினேஸ் இருக்கும். செத்த வேரின் செல்சுவரை இவை அறுத்துச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரையைச் செடி தின்னாது, பாக்டீரியாதான் தின்னும். பாய் கனமாக இருந்தால் சர்க்கரையும் அதிகம், பாக்டீரியாவும் அதிகம். அதன் விளைவுதான் உங்கள் டேங்கில் வழவழப்பு. அத்தனை பாக்டீரியாவும் மூச்சுவிட ஆக்சிஜனை இழுக்கும். நல்ல தண்ணியில் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30-ல் 7.6, 35-ல் 7-க்கும் கீழே. உங்கள் 33 டிகிரி டேங்கில் அதிலும் பங்குக்கு ஆள் வந்தால் உயிருள்ள வேரும் மூச்சுத் திணறிச் சாகும். நீங்கள் கரைக்க நினைப்பதை விட அதிகமாகச் செத்த வேர் உற்பத்தியாகும்.

அதனால் பாயைக் கையால்தான் எடுக்கணும். மிச்சம் நிற்கும் நூல் வேருக்கும் சேறுக்கும் மட்டுமே என்சைம்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மோட்டாரை நிறுத்துங்க. நெட் கப்பைத் தூக்கி, தொங்கும் வேரில் பழுப்பான கீழ்ப்பகுதியைக் கத்தரிங்க. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கத்தரியைச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டில் முக்குங்க. பைப்பின் முனை மூடியைக் கழற்றி, கயிற்றில் துணி கட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தால் படிந்தது வந்துவிடும். டேங்கைக் காலி பண்ணி, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுக் கரைசலை ஈசி 1.2-ல் விடுங்க. வேர் குறைந்த செடி வெயில் நேரத்தில் அதற்கு மேல் தாங்காது. திரும்பி விழும் குழாயில் நைலான் சாக்ஸ் கட்டி, தினமும் உதறுங்க. அப்புறம் லேபிளில் உள்ள டோஸில் என்சைம், ஏர்ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) இரவு பகலாக ஓடணும். முதல் தடவை 7-ம் நாளே கரைசலை மாற்றிவிடுங்க, கரைந்த சர்க்கரை அதோடு போகட்டும்.

பிஎச் 5.6 முதல் 5.8-க்கு இறக்குங்க. பூஞ்சையிலிருந்து எடுக்கும் செல்லுலேஸ் பிஎச் 5, சூடு 50 டிகிரி பக்கம்தான் முழு வேகத்தில் வேலை செய்யும். டேங்கில் அந்தச் சூடு கிடையாது, கிடைக்கவும் கூடாது. அதனால் வாரக்கணக்கில்தான் கரையும், பொறுக்கணும்.

தொண்டி_நர்சரி:
மேலே சொன்னது சரி. ஆனால் முதலில் அது செத்த பழைய வேரா, வேரழுகலா என்று பாருங்கள். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருவுங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் என்ற வேரழுகல் கிருமி. சாக்கடை நாற்றமும் இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஹியூமிக் அமிலமோ கடற்பாசிச் சாறோ ஊற்றினால் நல்ல வேரும் பழுப்பாகத்தான் தெரியும், ஆனால் உருவினால் தோல் கழலாது.

பித்தியம் அஃபானிடெர்மாட்டம் 30 டிகிரிக்கு மேல்தான் கொழிக்கும், நம் கடற்கரை வெயில் அதற்கு வசதி. என்சைம் அதற்கு மருந்து கிடையாது. அழுகிய செடியைத் தூக்கி எறிந்து, அமைப்பைக் காலி செய்து, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை லிட்டருக்கு 4 மில்லி கலந்து (200 பிபிஎம்) ஒரு மணி நேரம் ஓட்டி, நல்ல தண்ணியில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிஎச் இறக்கும் அமிலத்தோடு அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மாடியானாலும் ஆபத்துதான். திரும்ப நட்டதும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நல்ல பாக்டீரியாவை விடலாம். டால்க் பவுடர் வகை வேண்டாம், நாசில் அடைக்கும். திரவ வகை வாங்குங்கள்.

டோஸ் கூட்டுவது பற்றி இன்னொன்று. ஆய்வகத்தில் இலையிலிருந்து புரோட்டோபிளாஸ்ட் (சுவர் நீக்கிய செல்) எடுக்க, 1 முதல் 2 சதவீத செல்லுலேஸில்தான் ஊறவைக்கிறார்கள். அந்த அளவில் உயிருள்ள செல்லின் சுவரும் போய்விடும். 'என்சைம் செத்ததை மட்டுமே தொடும்' என்று விற்பவர் சொல்வது குறைந்த டோஸில், காயமில்லாத வேருக்குத்தான் பொருந்தும். வேர் கத்தரித்த அன்றே ஊற்றாமல் இரண்டு நாள் விடுவது நல்லது.

உப்புக்காற்று:
பாட்டிலில் உயிர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்க. தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்த என்சைம் வெறும் பழுப்புத் தண்ணி. பழுத்த கொய்யாவை அரைத்து இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் 100 மில்லிக்கு 5 மில்லி என்சைம் விட்டு, இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணிப் பாத்திரத்தில் வையுங்க. பெக்டினேஸ் வேலை செய்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்தக் கூழின் கெட்டி உடைந்து, மேலே தெளிந்த சாறு நிற்கும். மற்றது கொழகொழவென்றே இருக்கும். செல்லுலேஸுக்கு உங்கள் செத்த வேரையே இரண்டு டம்ளரில் ஒரு வாரம் போட்டு, இடுக்கியால் கிள்ளிப் பாருங்க. வாங்கும்போது லேபிளில் என்சைம் பெயரும் யூனிட் அளவும் இருக்கணும். 'இயற்கை வேர் சுத்திகரிப்பான்' என்று மட்டும் இருந்தால் வேண்டாம். பவுடர் வகையானால் மாஸ்க் போட்டுக் கலக்குங்க, அந்தத் தூசி மூச்சில் ஒவ்வாமை கிளப்பும்.

பாக் நீரிணைக் கரையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியின் சாறு நம் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது என்று அதையும் சேர்த்து ஊற்றாதீங்க. இலையில் தெளிக்க நல்லது. டேங்கில் விட்டால் பொட்டாசியமும் குளோரைடும் ஏறும், பாக்டீரியாவுக்கும் தீனி.

மண்டபம்_மாடி:
ரொம்ப நன்றி அண்ணே. உருவிப் பார்த்தேன், தோல் கழலவில்லை, நாற்றமும் இல்லை. பெராக்சைடை நிறுத்திவிட்டேன். இன்னும் இரண்டு: டேங்கைக் குளிர்விக்கப் படகுத்துறை ஐஸ் போடலாமா? கத்திரிச் செடி வைத்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) பையை மறுபடி பயன்படுத்த இதே என்சைம் உதவுமா?

உச்சிப்புளி_கீரை:
300 லிட்டரை 33-லிருந்து 28-க்கு இறக்கக் கணக்குப்படி 14 கிலோ ஐஸ் வேணும். வெயில் திரும்ப ஏற்றுவது தனி. அதனால் முதலில் டேங்கை நிழலுக்கு மாற்றி, தெர்மாகோல் சுற்றி, பைப்புக்கு வெள்ளை பெயின்ட் அடிங்க. ஐஸை நேராகப் போடாதீங்க, எந்தத் தண்ணியில் உறைய வைத்தார்களோ தெரியாது. உப்போ குளோரினோ இருந்தால் வம்பு. மூடி இறுகிய கேனில் அடைத்து முக்குங்க.

கோகோபீட்டுக்குத் தாராளமாக உதவும். தென்னை நாரில் லிக்னின் என்ற கெட்டியான பொருள் அதிகம், செல்லுலேஸ் அதைச் சீக்கிரம் அரிக்காது, கத்திரியின் சன்ன வேர்தான் போகும். தண்டையும் கட்டை வேரையும் பிடுங்கிவிட்டு, லிட்டருக்கு 2 மில்லி கலந்த தண்ணியில் பையை நனைத்து இரண்டு வாரம் ஈரமாகவே வையுங்க. பிறகு வடியும் தண்ணியின் ஈசி, விடும் தண்ணியை விட 0.3-க்கு மேல் ஏறாத நிலை வரும் வரை அலசுங்க. வாடல் நோய் வந்த பையானால் இந்த வேலையே வேண்டாம், புதுப் பை வாங்கிடுங்க.