சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரக் கணக்கும் டிக்கெட் நேரமும் ஏன் ஒத்துவரவில்லை?

திசைகாட்டி:
சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் 15,300 கி.மீ. சொச்சம் என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 17 மணி நேரம்தானே? டிக்கெட்டில் பதினெட்டரையை ஒட்டிக் காட்டுகிறது. சுவர்ப் படத்தில் அளந்தால் பசிபிக் வழியாக ஒன்று, ஐரோப்பா வழியாக இன்னொன்று வருகிறது. எது சரி? திரும்பும்போது கிளம்பிய தேதிக்கு இரண்டு நாள் கழித்து இறங்குவதாகப் போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையா?

நூல்பிடி:
சுவர்ப் படத்தில் ஸ்கேல் வைத்தால் ஏமாற்றம்தான். உருண்டை மேல் நூலைப் பிடித்துப் பாருங்கள். நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். சிங்கப்பூர் கிழக்கு தீர்க்கரேகை 104 பாகை, நியூயார்க் மேற்கு 74. கூட்டினால் 178, கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அதனால் இந்த இரண்டு ஊருக்கு மட்டும் கணக்கு சுலபம்: சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை (90இல் அட்சரேகையைக் கழித்தது), அங்கிருந்து நியூயார்க் 49.4 பாகை. மொத்தம் 138, பாகைக்கு 111.2 கி.மீ. வைத்தால் 15,346. சென்னை – லண்டனுக்கு இதே குறுக்குவழியைப் போட்டுவிடாதீர்கள், தப்பாக வரும்.

எதிர்க்காற்று:
தூரம் சரி, ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. பசிபிக் வழி 16,500 கி.மீ. என்று வையுங்கள், சராசரி 60 கி.மீ. பின்காற்று கிடைத்தால் 16,500 / 960 = 17.2 மணி. துருவ வழியில் 20 கி.மீ. எதிர்க்காற்று அடித்தாலே 15,346 / 880 = 17.4. ஆயிரம் கி.மீ.க்கு மேல் சுற்றிப் போயும் சீக்கிரம் சேர்கிறது! அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் பாதை போடுவார்கள்.

டிக்கெட் நேரம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறு கேட்டில் நிற்பது வரை. ஓடுபாதை வரிசைக்கு அரை மணி, ஏறி இறங்கும் மெதுவான கட்டத்துக்குக் கொஞ்சம், தாமதத்தை விழுங்க நிறுவனம் வைக்கும் உபரி கொஞ்சம். காற்று சாதகமானால் முன்னதாகவே இறங்கிவிடும்.

நாள்காட்டி:
தேதி பிழையில்லை. கோடையில் சிங்கப்பூர் நியூயார்க்கை விட 12 மணி நேரம் முந்தி. நவம்பர் முதல் ஞாயிறு தொட்டு மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13. கோடையில் திங்கள் இரவு 10.30க்கு நியூயார்க்கில் கிளம்பினால் சிங்கப்பூரில் அப்போதே செவ்வாய் காலை 10.30. அதோடு 18 மணி 45 நிமிடம் கூட்டுங்கள்: புதன் காலை 5.15. போகும்போது தலைகீழ்: திங்கள் மதியம் 12க்கு ஏறி 18 மணி 30 நிமிடம் பறந்தால் அங்கே திங்கள் மாலை 6.30. ஹோட்டல் பதிவில் சொதப்புவது இங்கேதான். டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் +2 என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

திசைகாட்டி:
புரிந்தது, நன்றி. எகானமியில் இடமே காட்டவில்லையே?

எதிர்க்காற்று:
கிடையாது. இந்தத் தடத்தில் பறக்கும் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூர வகை) விமானத்தில் 165,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். அந்தப் பாரத்துக்கு ஈடாக 161 இருக்கை மட்டும்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண வகுப்பு வேண்டுமானால் பிராங்பர்ட்டில் நின்று போவதைப் பாருங்கள். 10,300ம் 6,200ம் சேர்த்து சுமார் 16,500 கி.மீ. தூரம் பெரிதாக அதிகரிக்காது. தரையில் நிற்கும் நேரம்தான் கூடும்.